நாடகத் துறை ஆடிஷன்: நடித்து முடித்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகு – கேள்வி பதில்

நாடகத் துறைத் தேர்வுக் குழுவில் பல வருடங்கள் இருந்திருக்கிறேன். நடித்துக் காட்டும் பகுதியை இன்று விட்டுவிடலாம். அது முடிந்ததும் "உட்காருங்கள்" என்று நாற்காலியைக் காட்டுவார்களே, அதற்கப்புறம் நடக்கும் பேச்சைப் பற்றிக் கேளுங்கள்.

கே: மேடம், "ஏன் நடிப்பு படிக்க வேண்டும்?" என்று கட்டாயம் கேட்பார்களாம். மூன்று பக்கம் எழுதி மனப்பாடம் செய்துவிட்டேன். போதுமா?

ப: அந்த மூன்று பக்கத்தையும் எடுத்து உள்ளே வையுங்கள். மனப்பாடப் பதில் முதல் வரியிலேயே தெரிந்துவிடும். நடுவில் ஒருவர் குறுக்கிட்டுக் கேட்டால், விட்ட இடத்தைத் தேடி மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பீர்கள்.

"சின்ன வயசிலிருந்தே நடிப்புதான் என் உயிர்" என்பதை ஒரே நாளில் இருபது பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஒரு முகம்கூட நினைவில் இல்லை. நினைவில் நிற்பவன் ஒரு பையன். பள்ளி நாடகத்தில் அவனுக்கு வேடமே இல்லை, திரை இழுக்கிற வேலை. ஒரு காட்சியில் நடிகருக்கு வசனம் மறந்துவிட்டது. அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதாம். "கயிற்றைப் பிடித்திருந்த என் கை வியர்த்துவிட்டது. அத்தனை பேரையும் அப்படி நிறுத்தி வைத்தது எது என்று தெரிந்துகொள்ளணும்" என்றான். குழுவில் எல்லோரும் பேனாவைக் கீழே வைத்துவிட்டோம். உங்களுக்கும் அப்படி ஒரு நாள் இருந்திருக்கும். அதைத் தேடி எடுங்கள். வாக்கியங்கள் அந்த நேரத்தில் தானாக வரும்.

கே: என்ன உடை போடலாம்?

ப: தரையில் உட்கார்ந்து எழுந்திருக்கத் தோதான, சுத்தமான உடை. அவ்வளவுதான்.

கே: இணையத்தில் கிடைத்த ஒரு தனிமொழியைத் தயார் செய்திருக்கிறேன். அதைப் பற்றி என்ன கேட்பார்கள்?

ப: இந்தப் பேச்சுக்கு முந்தின நிமிடம் என்ன நடந்தது? உங்கள் பாத்திரம் யாரிடம் பேசுகிறாள்? அவரிடமிருந்து அவளுக்கு என்ன வேண்டும்? கடைசிக் காட்சியில் அவள் என்ன ஆகிறாள்? முழு நாடகத்தையும் படிக்காமல் இதில் ஒன்றுக்கும் பதில் சொல்ல முடியாது. ஒரு பெண் அபாரமாக நடித்தாள். "இதற்கப்புறம் இவள் எங்கே போகிறாள்?" என்று கேட்டேன். அந்தப் பாத்திரம் அடுத்த காட்சியில் இறந்துவிடுகிறது. அந்தப் பெண்ணுக்கு அது தெரியவில்லை. முழு நாடகத்தையும் படியுங்கள்.

கே: "ஸ்டானிஸ்லாவ்ஸ்கியின் மெத்தட் ஆக்டிங்தான் என் வழி" என்று சொன்னால் மதிப்பு கூடுமா?

ப: குறையும். ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்டானிஸ்லாவ்ஸ்கி உருவாக்கிய நடிப்புப் பயிற்சி முறையின் பெயர் 'சிஸ்டம்'. 'மெத்தட்' என்பது பிற்பாடு நியூயார்க்கில் நடிப்புப் பயிற்சியாளர் லீ ஸ்ட்ராஸ்பெர்க் கற்றுக்கொடுத்தது.

கே: (வேறொருவர்) மேடம், இது வெறும் பெயர்ச் சண்டை. மெத்தடும் அவரிடமிருந்து வந்ததுதானே?

ப: வேர் அவரிடம்தான், மறுக்கவில்லை. ஆனால் பெயரோடு முடிகிற விஷயமில்லை இது. 1931-இல் நியூயார்க்கில் தொடங்கிய 'குரூப் தியேட்டர்' என்ற நாடகக் குழுவில் நடிகர்களுக்கு ஸ்ட்ராஸ்பெர்க் பயிற்சி கொடுத்தார். நடிகர் தன் சொந்த வாழ்க்கையின் உணர்ச்சியை நினைவிலிருந்து தோண்டி எடுக்க வேண்டும் என்பதில் அவருக்குப் பிடிவாதம். அதே குழுவிலிருந்த நடிகை ஸ்டெல்லா ஆட்லருக்கு அது ஒத்துவரவில்லை. 1934-இல் பாரிஸில் ஸ்டானிஸ்லாவ்ஸ்கியையே சந்தித்துச் சில வாரங்கள் அவரிடம் பாடம் கேட்டார். திரும்பி வந்து, பாத்திரம் நிற்கும் சூழ்நிலையும் கற்பனையும் செயலும்தான் முக்கியம் என்றார். அங்கே விழுந்த பிளவு இன்றும் பயிற்சி வகுப்புகளில் இருக்கிறது.

கே: அப்போ என் பாட்டி இறந்ததை நினைத்து அழுதால் தப்பா?

ப: தப்பென்று நான் சொல்லவில்லை. ஆனால் குழுவிலிருந்து அடுத்த கேள்வி வரும்: "இதே நாடகத்தை நாற்பதாவது முறை மேடையேற்றும்போதும் அந்த நினைவு அழ வைக்குமா?" அதற்குப் பதில் இருந்தால் சொல்லுங்கள். வீட்டில் நிஜமாக என்ன செய்து தயாரானீர்களோ, அதைச் சொன்னாலே போதும். பெரிய பெயர்களை இழுத்தால் அந்தப் பெயர்களைப் பற்றியே கேட்பார்கள். இந்த விவாதத்தை இதோடு நிறுத்திக்கொள்வோம். நேர்காணலுக்கு வருவோம்.

கே: ஜீன்ஸ் போடலாமா?

ப: உடைக்குப் பதில் மேலே இருக்கிறது.

கே: ஒளியமைப்புப் பிரிவுக்குப் போகிறேன். நேர்காணல் எப்படி இருக்கும்?

ப: என் துறை நடிப்பு. ஒளியமைப்பாளர் ஒருவரைக் கேளுங்கள். எனக்குத் தெரிந்தவரை அங்கே பேச்சுக்குத்தான் முதலிடம். முடிந்த மேடையின் படங்களோடு கிறுக்கின வரைபடங்களையும் எடுத்துப் போங்கள்.

கே: போன முறை பேச்சு நடுவில், "அதே வசனத்தை ரகசியம் சொல்கிற மாதிரி மறுபடி செய்" என்றார்கள். முதல் தடவை பிடிக்கவில்லை என்றுதானே அர்த்தம்?

ப: இல்லவே இல்லை. பிடிக்காதவரிடம் குழு நேரம் செலவழிக்காது. அவர்கள் சொன்னதை நீங்கள் காதில் வாங்குகிறீர்களா, உடனே மாறுகிறீர்களா என்று பார்க்கிறார்கள். மூன்று நான்கு வருடம் தினமும் ஒத்திகையில் உங்களோடு இருக்கப் போகிறவர்கள் அவர்கள். பலர் முதலில் செய்ததையே குரலை மட்டும் தாழ்த்தித் திரும்பச் செய்கிறார்கள். வீட்டில் ஒரு நண்பரை உட்கார வைத்து, வாய்க்கு வந்தபடி ஒரு மாற்றம் சொல்லச் சொல்லுங்கள். யோசிக்காமல் செய்து பாருங்கள். தப்பாக வந்தாலும் முழுசாகச் செய்யுங்கள்.

கே: "எங்களிடம் ஏதாவது கேட்கணுமா?" என்றால்?

ப: கேளுங்கள். முதல் வருட மாணவர்கள் மேடையேற முடியுமா? சில இடங்களில் முதல் வருடம் வகுப்பு மட்டும்தான். வருடக் கடைசியில் மதிப்பீடு செய்து யாரையாவது வெளியே அனுப்புவார்களா? சேருவதற்கு முன் உங்களுக்குத் தெரிய வேண்டியவை இவை.

கே: கட்டணச் சலுகை உண்டா?

ப: கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள்.

கே: நாளை மறுநாள் ஆடிஷன். நாடகச் சுருக்கம் மட்டும் படித்தால் போதுமா, மேடம்?

ப: போதாது. இதை எத்தனை தடவை சொல்வது? பெரும்பாலான நாடகங்களை இரண்டு மூன்று மணி நேரத்தில் படித்துவிடலாம். இப்போதே உட்காருங்கள். முடித்துவிட்டு வந்து, உங்கள் பாத்திரம் முதல் காட்சியில் எதை மறைக்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.