காய் பிடிக்காத கலப்பு ரோஜா: என்ன செய்யலாம்?

கேள்வி: எங்கள் பகுதியில் குளிர் மைனஸ் 30 டிகிரி வரை போகும். பெரிய பூ விடும் ஹைப்ரிட் டீ வகை ரோஜா எதுவும் தங்குவதில்லை. அதனால் ஒரு ஹைப்ரிட் டீ பூவில் குளிரைத் தாங்கும் ருகோசா என்ற காட்டு ரோஜாவின் மகரந்தத்தைத் தடவி விதை எடுத்தேன். முளைத்த நான்கு செடிகளும் குளிரைத் தாங்குகின்றன. ஆனால் மூன்று வருடமாக ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை. அடுத்த தலைமுறைக்கு எப்படிப் போவது?

பதில்: உங்கள் கையில் குறையில்லை. இடிப்பது குரோமோசோம் எண்ணிக்கை. ருகோசாவுக்கு 14, ஹைப்ரிட் டீக்குப் பெரும்பாலும் 28. பாதிப் பாதியாகச் சேர்ந்தால் பிள்ளைக்கு 21. ஏழேழான மூன்று தொகுதிகள் ஒழுங்காக ஜோடி சேராததால் விதை உருவாவதில்லை. ஏறக்குறைய கோவேறு கழுதையின் கதைதான். இருந்தாலும் செடிகளைப் பிடுங்கிவிடாதீர்கள். இத்தகைய மும்மய (மூன்று தொகுதி) செடிகளிலும் கொஞ்சம் நல்ல மகரந்தம் இருக்கலாம். நன்றாகக் காய்க்கும் 28 குரோமோசோம் தாய்ச் செடியில் முப்பது நாற்பது பூக்களுக்குத் தடவிப் பாருங்கள். ஒன்றிரண்டு காய் தேறினாலே லாபம்.

அதைவிட நேரான வழி, துணையை மாற்றுவது. ருகோசாவும் விச்சுராயானா என்ற இன்னொரு காட்டு ரோஜாவும் கலந்து பிறந்த 'மாக்ஸ் கிராஃப்' என்ற ரோஜாவும் பெரும்பாலும் மலடாகவே இருந்தது. 1940 வாக்கில் ஜெர்மனியில் ரோஜா வளர்ப்பாளர் வில்ஹெல்ம் கோர்டெஸ் அதிலிருந்து எடுத்த ஒரு நாற்றில் குரோமோசோம்கள் தானாக இரட்டித்து 28 ஆகியிருந்தன. அதுதான் கோர்டெசி. கனடாவின் ஒட்டாவாவில் ஃபெலிசிடாஸ் ஸ்வெய்தா என்ற ஆய்வாளர் அந்தக் கோர்டெசியைக் கையாண்டு 'ஜான் கேபட்', 'வில்லியம் பாஃபின்' போன்ற ரகங்களைக் கொண்டுவந்தார். இப்படிப்பட்ட ரகத்தின் மகரந்தத்தை உங்கள் ஹைப்ரிட் டீயில் இடுங்கள். தாய்ச் செடி தொட்டியில் இருக்கட்டும். காய் பழுக்க மூன்றரை, நான்கு மாதம் பிடிக்கும். அதற்குள் உறைபனி வந்தால் உள்ளே தூக்கி வைத்துக்கொள்ளலாம். விதையை ஈர மணலில் கலந்து, 4 டிகிரியில் இரண்டு மூன்று மாதம் வைத்த பிறகே விதையுங்கள்.

குளிர் தாங்கும் குணம் ஒற்றை மரபணுவால் வருவதில்லை. முதல் தலைமுறைச் செடிகள் பெரும்பாலும் நடுத்தரமாகத்தான் இருக்கும். அவற்றில் தேறியதை மறுபடி குளிர் தாங்கும் ரகத்தோடே சேர்க்க வேண்டும்.

தேர்வு செய்யும்போது பனி ஏமாற்றிவிடும். பனிக்குள் புதைந்த தண்டு தாங்காத செடியிலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். பனிமட்டத்துக்கு மேலே நின்ற தண்டை வசந்தத்தில் நகத்தால் கீறுங்கள். பட்டைக்கு அடியில் பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது, பழுப்பானால் செத்தது. வெட்டினால் தண்டின் நடுவே உள்ள உள்நெட்டி வெளிறிய நிறத்தில் இருக்க வேண்டும். நாற்றுகளைச் சொந்த வேரிலேயே வையுங்கள். வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டினால் எது குளிரைத் தாங்குகிறது என்றே தெரியாது.

ஒன்று சொல்ல மறந்தேன்: கரும்புள்ளி நோயில் இலை கொட்டும் நாற்றை, பூ எவ்வளவு அழகானாலும் கழித்துவிடுங்கள். இலை இல்லாமல் மாவுச்சத்து சேர்க்காத செடி குளிரில் முதலில் போய்விடும். கோடை பாதி தாண்டியதும் தழைச்சத்தையும் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் இளந்தளிர் முற்றாமல் குளிரில் மாட்டிக்கொள்ளும்.