நூலகத் திண்ணை: கையொப்பமிட்ட முதற்பதிப்பும் உள்ளே ஒரு கடிதமும்

கேள்வி: ஒரு நாவலின் முதற்பதிப்பை அண்மையில் வாங்கினேன். தலைப்புப் பக்கத்தில் ஆசிரியரின் கையொப்பம் உள்ளது. முந்தைய உரிமையாளருக்கு அவர் எழுதிய கடிதமும் நான்காக மடிக்கப்பட்டு நடுவே இருந்தது. அதை அங்கேயே வைத்திருக்கலாமா? கையொப்பத்தை நம்பலாமா?

பதில்: கடிதத்தை முதலில் வெளியே எடுத்துவிடுங்கள். மரக்கூழால் செய்த பழைய தாளில் அமிலம் இருக்கும். அது அடுத்த பக்கத்துக்கும் ஏறி, நாளடைவில் மடித்த கடிதத்தின் அளவிலேயே ஒரு பழுப்புக் கட்டத்தைப் பதித்துவிடும். அந்தக் கறை ஏற்கெனவே விழுந்திருந்தால் மனம் வருந்த வேண்டாம். கடிதம் வெகுகாலம் அந்நூலுக்குள்தான் கிடந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி அகப்படாது. கடிதத்தைப் பாலியெஸ்டர் உறையிலோ அமிலமற்ற தாளுறையிலோ இட்டு, நூலோடு ஒரே பெட்டியில் வையுங்கள். லேமினேஷனும் செலோடேப்பும் கூடவே கூடாது. அஞ்சல் முத்திரையுள்ள உறை கிடைத்திருந்தால், அதையும் கடிதத்தைப் போலவே காப்பாற்றுங்கள்.

வெறும் கையொப்பத்தைப் போலி செய்வது எளிது. இன்னாருக்கு என்று பெயரும் நாளும் குறித்து இரண்டு வரி எழுதித் தந்ததைப் போலி செய்வது அவ்வளவு எளிதன்று. ஆகவே நூலில் உள்ள பெயரும் கடிதத்தில் விளிக்கப்பட்ட பெயரும் ஒன்றுதானா, நாள்கள் பொருந்துகின்றனவா, அதே காலத்தில் அவர் இட்ட பிற கையொப்பங்களோடு எழுத்தின் போக்கு ஒத்துவருகிறதா என்று பாருங்கள். கடிதம் இருப்பதாலேயே எல்லாம் உண்மையாகிவிடாது. லீ இஸ்ரேல் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1990களின் தொடக்கத்தில் பழைய தட்டச்சுப் பொறிகளைக் கொண்டு புகழ்பெற்றோர் பெயரில் சுமார் 400 கடிதங்களைப் புனைந்து, அனுபவமிக்க வணிகர்களிடமே விற்றார்.

கேள்வி: ‘முதற்பதிப்பு’ என்று அச்சிட்டிருந்தால் போதாதா?

பதில்: போதாது. மறு அச்சிலும் அந்த வரியை அப்படியே விட்டுவிடும் பதிப்பகங்கள் உண்டு. பதிப்புரிமைப் பக்கத்தில் ‘10 9 8 … 1’ என்பது போன்ற எண் வரிசை இருந்தால், அதில் 1 இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான பதிப்பகங்களின் வழக்கப்படி, ஒவ்வொரு மறு அச்சிலும் ஓர் எண் நீக்கப்படும், எஞ்சியுள்ள மிகச் சிறிய எண்ணே எத்தனையாவது அச்சு என்பதைக் காட்டும். நூலின் மேலுறை கிழிந்திருந்தாலும் எறியாதீர்கள். விலை அச்சிட்ட மூலையைக் கத்தரித்துப் பரிசளிக்கும் நல்ல மனம் படைத்தவர்கள்தாம் சேகரிப்பாளரை அதிகம் வதைக்கிறார்கள்!

கேள்வி: என்னிடம் உள்ள கடிதத்தை அச்சில் வெளியிட எனக்கு உரிமை உண்டா?

பதில்: தாள் உங்களுடையது, அதிலுள்ள சொற்கள் எழுதியவருடையவை, அவருக்குப் பின் அவருடைய வாரிசுகளுடையவை. அமெரிக்க நாவலாசிரியர் ஜே. டி. சாலிஞ்சரின் வெளிவராத கடிதங்கள் பல்கலைக்கழக நூலகங்களில் ஆய்வாளர்கள் படிக்கும்படி இருந்தும், ஒரு வாழ்க்கை வரலாற்று நூல் அவற்றை எடுத்தாளுவதை 1987இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தடுத்தது. வீட்டுக்கு வருவோரிடம் கடிதத்தைக் காட்டலாம், விற்கவும் செய்யலாம். பதிப்புரிமைக் காலம் முடியாதவரை, அச்சேற்றுமுன் எழுதியவரிடமோ அவருடைய வாரிசுகளிடமோ எழுத்துவழி அனுமதி பெறுங்கள்.