வெறும் பெயர்தானே?

கேள்வி: அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) சாந்தி, அதாவது அறுபதாம் கல்யாணம், வருகிறது. அழைப்பிதழ் ப்ரூஃபில் ஆத்தாவின் (அம்மாவின்) பெயரே இல்லை, 'திருமதி' போட்டு அப்பச்சி பெயரை எழுதியிருக்கிறார்கள். ஆத்தா பெயரோடு நம் மரியாதைச் சொல்லான 'ஆச்சி' என்று போடச் சொன்னேன். "வெறும் பெயர்தானே, இதனால் பெண்கள் நிலை மாறிவிடுமா?" என்கிறார் சித்தப்பா. நான் கேட்டது தப்பா?
– ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: தப்பே இல்லை. நம் செட்டிநாட்டு நகரத்தார் பக்கத்தில் பெயரை வைத்துத்தான் பணமே நடந்தது. ரங்கூனிலும் பினாங்கிலும் நமக்கு வட்டிக்கடை இருந்த காலத்தில் பெண்ணின் சீதனப் பணத்துக்கு 'ஆச்சிமார் பணம்' என்றே பெயர். கடைக் கணக்கில் அது தனியாக வரவாகி வட்டி ஏறியது. சித்தப்பாவுக்கு இது தெரியாமல் இருக்காது.

அதற்காக அந்தக் காலத்தைப் பெண்ணின் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போனவர் திரும்பும்வரை வருஷக்கணக்கில் வீட்டைக் கட்டிக் காத்தது ஆச்சி. வீட்டில் பங்கு மகனுக்கு. குடும்பங்களை எண்ணும் கோயில் புள்ளிக் கணக்கில் கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு புள்ளி, கணவனை இழந்தவள் அரைப் புள்ளி. ஒரு மனுஷியைப் பாதியாக எண்ணிய அந்தச் சொல்லை எழுதும்போது இன்றும் எனக்கு மனசு ஆறவில்லை.

கணவர் பெயருக்கு முன்னால் 'திருமதி' போடுவது நம் அப்பத்தாமார் வழக்கம் இல்லை. வெள்ளைக்காரர் காலத்து 'மிஸஸ்' வழியாக வந்தது அது. அவர்கள் போனார்கள், 1956-இல் தமிழை ஆட்சிமொழி ஆக்கினோம். மிஸஸைத் திருமதி ஆக்கினோம், மிஸ்ஸைச் செல்வி ஆக்கினோம். கல்யாணம் ஆனவளா ஆகாதவளா என்று விசாரிப்பதை மட்டும் விடவில்லை. ஆணுக்குத் 'திரு' போதும், யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை.

சரி, சொல் மட்டும் மாறினால் போதுமா? போதாது. 1930களில் மரகதவல்லியை ஆசிரியராகக் கொண்டு காரைக்குடியிலிருந்து 'மாதர் மறுமணம்' என்ற இதழ் வந்தது. 'அறுத்தவள்' என்று கூசாமல் சொன்ன காலத்தில் மறுமணத்தைத் தலைப்பிலேயே அச்சடித்தார்கள். கூடவே, மறுமணத்துக்குக் கைகொடுக்க ஒரு சகாய சங்கமும் இருந்தது. அப்படிச் சொல்லும் செயலும் கைகோக்காத இடத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். பெண்ணுக்குச் சம சொத்துரிமை என்று செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டது 1929-இல். கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் பங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 1989-இல். அதிலும் முன்பே மணமாகியிருந்த மகள்களைச் சேர்க்கவில்லை. 2005-இல் மத்திய சட்டம் வந்துதான் அது சரியானது. 'கட்டிக்கொடுத்தாச்சு' என்ற ஒரு வார்த்தையில் எத்தனை பெண்களின் பங்கு போயிருக்கிறது!

ப்ரூஃப்தானே வந்திருக்கிறது, விடாதீர்கள். ஆத்தா பெயரைத் திருத்தி எழுதி, பக்கத்தில் ஆச்சி என்று போட்டு அச்சகத்துக்கு அனுப்புங்கள். அப்புறம், சாந்திக்குப் பங்காளிகள் எல்லாரும் கூடுவார்கள் அல்லவா? வீட்டுப் பத்திரத்தில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று அன்றைக்கே சித்தப்பாவிடம் கேட்டுவிடுங்கள்.