பெயர் ஒத்துவராமல் நிற்கும் பணம்: இலக்கத்தைத் தரகரிடம் கொடுக்கலாமா?

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "குவைத்தில் வீட்டு வேலை செய்யும் என் மகள், ஹட்டனில் உள்ள சுப்பர் மார்க்கெட்டில் எடுத்துக்கொள்ளும்படி பணம் அனுப்பினாள். அவள் சொன்ன இலக்கத்தையும் என் அடையாள அட்டையையும் கொண்டுபோனேன். பெயர் வேறாக இருக்கிறது என்று இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டார்கள். பணம் இல்லாமல் போய்விடுமா? டவுனில் ஒருவர், இலக்கத்தையும் அட்டையையும் கொடுத்தால் ஐயாயிரம் ரூபாவுக்கு எடுத்துத் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?"

கொடுக்க வேண்டாம், அம்மா. இலக்கத்தை இதற்குள் அவரிடம் சொல்லிவிட்டிருந்தால், இதை வாசித்து முடிக்கும் முன்பே மகளுக்கு அழைத்து, அந்தப் பணத்தை நிறுத்திவைக்கும்படி அனுப்பிய இடத்தில் சொல்லச் சொல்லுங்கள்.

பணம் இல்லாமல் போய்விடவில்லை. உங்கள் மகள் கொடுத்த காசு அந்த சுப்பர் மார்க்கெட்டின் லாச்சியில் வந்து கிடப்பதாக எண்ணிவிடாதீர்கள். பணம் அனுப்பும் நிறுவனத்தின் கணினியில், "இன்ன பெயருடையவருக்கு இவ்வளவு ரூபா கொடுக்கவும்" என்ற ஒரு கட்டளையாகத்தான் அது இருக்கிறது. நீங்கள் கொண்டுபோன இலக்கம் அந்தக் கட்டளையைத் திறக்கும் சாவி. வெஸ்டர்ன் யூனியனில் அது 10 இலக்கங்கள் கொண்டது, மணிகிராமில் 8. நீங்கள் எடுக்கும்வரை, அல்லது மகள் திருப்பிக் கேட்கும்வரை, அந்தக் கட்டளை அங்கேயே நிற்கும், ஆனால் காலவரையின்றி நிற்காது.

கவுண்டரில் இருந்த பிள்ளை மீது கோபப்படவும் வேண்டாம். 2006ஆம் ஆண்டின் நிதிக் கொடுக்கல் வாங்கல்களை அறிக்கையிடும் சட்டத்தின்படி, பணம் பெறுகிறவர் யாரென்று பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகுதான் அவர்கள் காசைக் கொடுக்க முடியும். கணினியில் உள்ள பெயரைத் திருத்தும் அதிகாரம் அந்தக் கவுண்டரில் யாருக்கும் இல்லை. அனுப்பியவர் ஒருவரால் மட்டுமே அதைத் திருத்துவிக்க முடியும். ஆனால் இரண்டு தடவையும் இதை உங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை என்பதுதான் என்னைப் பொறுமையிழக்க வைக்கிறது. நோர்வூட் வழியாக பஸ் ஏறி வந்து, ஒருநாள் பேரை, அதாவது அன்றைய சம்பளத்தை, இழந்து, வரிசையில் நின்ற ஒரு தாயிடம் "பெயர் வேற" என்ற இரண்டு சொற்களோடு பேச்சை முடித்துக்கொள்வது எந்த ஊர் நியாயம்?

பெயர் ஏன் ஒத்துவரவில்லை? மலையகத்தில் இது உங்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. வங்கியில் பணம் அனுப்பும் பிரிவில் இருந்த காலத்தில், ஓரம் பிரிந்து உள்ளே ஈரம் ஏறிய பழைய லேமினேட் அட்டைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்திருக்கிறேன். நம்மவர் பலருடைய பழைய அட்டையில் பெயர் சிங்களத்தில் மட்டும் எழுதப்பட்டிருக்கும். ஆங்கில எழுத்து ஒன்றுகூட இருக்காது. தோட்டத்துப் பதிவில் தமிழில் ஒரு விதமாக இருந்த பெயர் அட்டைக்குச் சிங்களத்தில் போயிருக்கும். அதைக் குவைத்தில் இருக்கும் மகள் வாயால் சொல்ல, அங்குள்ள ஊழியர் தன் காதுக்கு விழுந்தபடி ஆங்கிலத்தில் தட்டியிருப்பார். லெட்சுமி என்ற ஒரு பெயரையே ஆங்கிலத்தில் நான்கைந்து விதமாக எழுதலாம். எல்லாருடைய அட்டையிலும் தமிழும் வேண்டும் என்பது ஆட்பதிவுத் திணைக்களத்துக்கு 2014இல்தான் தோன்றியது. அதற்கு முன் அட்டை எடுத்த நம்மவர்கள் இன்றுவரை அதன் விலையைக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

எழுத்து மாற்றம் மட்டும்தான் என்றால் வேலை எளிது. மகள் தன் ரசீதையும் அங்குள்ள அடையாள அட்டையையும் கொண்டு, பணம் அனுப்பிய அதே இடத்துக்குப் போய்த் திருத்தச் சொல்ல வேண்டும். நிறுவனத்தின் வாடிக்கையாளர் இலக்கத்துக்கு அழைத்தும் கேட்கலாம். அவருக்கு வெள்ளிக்கிழமை மட்டுமே வெளியே போக விடுவார்கள் என்றால் ஒரு கிழமை பிந்தும், அவ்வளவுதான்.

நீங்கள் கவனமாகப் பார்க்க வேண்டியது இன்னொன்று. அட்டையில் "பெருமாள் லெட்சுமி" என்று தகப்பன் பெயரோடு இருக்க, மகள் தன் தகப்பனின், அதாவது உங்கள் கணவரின் பெயரைச் சேர்த்து "லெட்சுமி கருப்பையா" என்று அனுப்பியிருந்தால், அது எழுத்துப் பிழையல்ல. நிறுவனத்தின் கண்ணுக்கு அது வேறு ஓர் ஆள். பிள்ளைகள் இதைத் தவறென்று நினைத்துச் செய்வதில்லை. கடவுச்சீட்டில் தங்கள் பெயரோடு கருப்பையா என்று இருப்பதால் அம்மாவுக்கும் அதுதான் என்று எழுதிவிடுகிறார்கள். இப்படி முழுப் பெயரே மாறியிருந்தால் பெரும்பாலும் திருத்த மாட்டார்கள். அந்த அனுப்புதலை ரத்துச் செய்து, பணத்தைத் திரும்ப வாங்கி, சரியான பெயரில் புதிதாக அனுப்பத்தான் வேண்டும். அப்போது முதல் இலக்கம் செல்லாது. புதிய இலக்கம் வரும். அனுப்பிய தொகை மகளுக்குத் திரும்பக் கிடைக்கும். கட்டணமும் திரும்பும் என்று எண்ணிக்கொண்டு போக வேண்டாம். திருமணச் சான்றிதழைக் காட்டினால் கவுண்டரில் கொடுத்துவிடுவார்கள் என்று யாராவது சொன்னால் அதை நம்பிப் பயணம் போகாதீர்கள். அந்தக் காகிதம் நீங்கள் கருப்பையாவின் மனைவி என்பதைக் காட்டுமே தவிர, கணினியில் உள்ள பெயரை மாற்றாது. தரகர்கள் இந்தச் சான்றிதழைச் சொல்லித்தான் அதிகம் ஏமாற்றுகிறார்கள்.

இனி அந்த ஐயாயிரம் ரூபாக்காரர். அவரால் எப்படி எடுக்க முடியும் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். பெயர் பிழையென்றால் உங்களுக்குக் கொடுக்காத கவுண்டர் அவருக்கும் கொடுக்காது. கொடுக்கிறதென்றால், உள்ளே ஒருவர் சட்டத்தை மீறுகிறார், அல்லது அந்தப் பெயருக்குப் பொருந்தும் வேறோர் அட்டை அவர் கையில் இருக்கிறது. டிக்கோயாப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் என் மேசைக்கு முன்னால் அழுதுகொண்டு நின்றது இன்றும் நினைவில் இருக்கிறது. இலக்கம் எழுதிய துண்டை அவர் மடித்து முந்தானையில் முடிந்து வைத்திருந்தார். "ஒரு தடவை பார்க்கட்டும்" என்று வாங்கிப் போனில் படம் எடுத்த ஒருவர், அவர் வங்கிக்கு வந்து சேரும் முன்பே வேறோர் இடத்தில் முழுத் தொகையையும் எடுத்துவிட்டார். பணம் ஒருமுறை கொடுபட்டுவிட்டால் அதை மீட்பது மிகக் கடினம்.

அட்டை அதைவிடப் பெரிய ஆபத்து. உங்கள் அட்டையின் போட்டோ கொப்பி ஒன்று அந்நியர் கையில் இருந்தால், உங்கள் பெயரில் சிம் எடுக்கவோ, ஏதோவொரு கடன் படிவத்தில் உங்களைப் பிணையாளியாகச் சேர்க்கவோ அவர் முயலலாம். குழுக்கடன்காரர் லயத்து வாசலில் வந்து நிற்கும்போதுதான் விடயம் உங்களுக்கே தெரியவரும்.

"அடுத்த முறை உண்டியலில் அனுப்பச் சொல்லுங்கள், பெயரும் வேண்டாம், அட்டையும் வேண்டாம்" என்றும் அவர் சொல்வார். உண்டியல் என்பது வங்கிக்கு வெளியே, ஆட்கள் மூலம் பணம் கைமாறும் வழி. 2022 மார்ச்சுக்கு முன் டொலருக்கு வங்கியில் ஒரு விலையும் வெளியில் வேறு விலையும் இருந்ததால் பலர் உண்டியலுக்குப் போனார்கள். அந்த அளவு வித்தியாசம் இன்று இல்லை. உண்டியலில் போன காசு வராவிட்டால், முறையிட உங்களிடம் ஒரு ரசீதுகூட இருக்காது.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். அட்டையை எடுத்துக்கொண்டு ஒரே ஒரு தடவை அதே கவுண்டருக்குப் போய், "இந்த அட்டைக்கு என் பெயரை ஆங்கிலத்தில் எப்படி அனுப்பினால் ஏற்றுக்கொள்வீர்கள், ஒரு கடதாசியில் எழுதித் தாருங்கள்" என்று கேளுங்கள். அதைக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. மறுத்தால் பொறுப்பாளரிடம் கேளுங்கள். அங்கும் மறுத்தால் மத்திய வங்கியின் 1935 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம். எழுதி வாங்கிய கடதாசியைப் படம் எடுத்து மகளுக்கு மட்டும் அனுப்புங்கள். லயத்தில் வேறொருவருடைய போனிலிருந்து அனுப்பினால், அனுப்பியதும் உங்கள் கண் முன்னால் அந்தப் படத்தை அழிக்கச் சொல்லுங்கள். எத்தனை ரூபா கைக்கு வரும் என்று மகளின் ரசீதில் எழுதியிருக்கும். அதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கட்டணத்தை அனுப்புகிறவர் ஏற்கெனவே செலுத்திவிட்டதால், அந்தத் தொகையில் யாரும் கை வைக்க இடமில்லை.

பெயரைத் திருத்தியாயிற்று, அல்லது புதிய இலக்கம் இதுதான் என்று மகள் தன் வாயால் சொல்லும்வரை மறுபடி பஸ் ஏறாதீர்கள்.