இருபது வரை சொல்கிறான், ஐந்து எடுத்துத் தரத் தெரியவில்லை

கேள்வி: என் மகனுக்கு நான்கு வயது. ஒன்றிலிருந்து இருபது வரை கடகடவென்று சொல்கிறான். ஆனால் "ஐந்து கொடு" என்றால் கைநிறைய அள்ளித் தருகிறான். வீட்டில் நட்டு, போல்ட், வாஷர் நிறையக் கிடக்கின்றன. அவற்றை வைத்து எண்ணப் பழக்கலாமா?

பதில்: தாராளமாகப் பழக்கலாம். உங்கள் மகனுக்கு எண்களின் வரிசை மனப்பாடம் ஆகிவிட்டது. எண்ணுவது இன்னும் பிடிபடவில்லை. ஒரு பொருளுக்கு ஒரே ஓர் எண், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்ற இரண்டும் புரிய வேண்டும். பல குழந்தைகளுக்கு இந்த இரண்டாவது விஷயம் மூன்றரை, நான்கு வயதை ஒட்டித்தான் புரிகிறது. அதனால் கவலை வேண்டாம்.

முதலில் பாதுகாப்பு. மூன்று வயதுக்குட்பட்டோரின் பொம்மைகளைச் சோதிக்கும் உருளையின் விட்டம் சுமார் 32 மில்லிமீட்டர். அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் தொண்டையில் சிக்கலாம். வீட்டில் கைக்குழந்தை இருந்தால், அது தூங்கும் நேரத்தில் மட்டும் டப்பாவை எடுங்கள். பெரியவனுக்கும் பெரிய அளவு நட்டு, போல்ட்தான், அதுவும் நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதுதான். ஆணி, காந்தம், பட்டன் பேட்டரி கூடவே கூடாது. துருப்பிடித்தது, பழைய பெயின்ட் உள்ளது, பித்தளை ஆகியவற்றையும் ஒதுக்கிவிடுங்கள். பித்தளையில் ஈயம் கலந்திருக்கலாம். கழுவித் துடைத்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நல்லது.

சரி, எப்படித் தொடங்குவது? நட்டு, போல்டை நான் விரும்பிச் சொல்லக் காரணம், அவை குழந்தையை அவசரப்பட விடுவதில்லை. சும்மா விரல் வைத்து எண்ணும்போது வாய் முந்திவிடும், அல்லது விரல் ஒன்றைத் தாண்டிவிடும். நட்டை மாட்டி இரண்டு சுற்று திருகிய பிறகு ஓர் எண் சொல்லட்டும். அடுத்த போல்டுக்குப் போகக் கொஞ்ச நேரம் ஆகும். வாயும் கையும் ஒன்றாக நகரும். விட்டுப்போன போல்ட் மொட்டையாக நிற்பதை அவனே பார்த்துவிடுவான்.

அப்புறம் மொத்தம். மூன்று வாஷரில் தொடங்குங்கள்; மூன்று வரை எண்ணாமலே கண் கண்டுகொள்ளும். "ஒன்று, இரண்டு, மூன்று" என்று எண்ணி, கையால் எல்லாவற்றையும் வளைத்துக் காட்டி, "மூன்று வாஷர்" என்று முடியுங்கள். "எத்தனை?" என்றதும் அவன் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தால் திருத்த வேண்டாம். எண்ணிக் காட்டுவதுதான் பதில் என்று நினைக்கிறான், அவ்வளவுதான். நீங்களே அந்தக் கடைசி எண்ணைச் சொல்லி முடியுங்கள். பிறகு "மூன்று எடுத்துக் கொடு". அது தடுமாறாமல் வந்த பிறகே நான்கு, அப்புறம் ஐந்து. இருபதுக்குத் தாவ வேண்டாம்.

ஐந்து வாஷரை நெருக்கி வைத்துவிட்டு, அவன் கண்ணெதிரிலேயே பரப்பி வைத்தால் "இப்போ நிறைய" என்பான். இந்த வயதில் அது இயல்பு. வாயால் விளக்கிப் பயனில்லை. பரப்பும் முன்பே ஒவ்வொரு வாஷர் மேலும் ஒரு நட்டை வைக்கச் சொல்லி, பரப்பிய பிறகு நட்டு மிச்சமோ குறைவோ இருக்கிறதா என்று தேடவிடுங்கள்.

பத்தைத் தாண்டும் காலம் வரும்போது நீள போல்டில் பத்து வாஷர் கோத்து நட்டைப் போட்டு மூடினால், பத்து ஒரே கட்டாகக் கையில் கிடைக்கும். இரண்டு கட்டும் மூன்று உதிரியும் இருபத்து மூன்று.

ஒரு தடவைக்குப் பத்து நிமிடம் போதும். முடிந்ததும் இருவருமாக எண்ணியபடியே டப்பாவில் போடுங்கள்; தரையில் ஒன்றும் தங்கவில்லை என்பதும் அப்போதே உறுதியாகிவிடும்.