மூளை தன் ரத்த ஓட்டத்தைத் தானே சீராக்குமென்றால், எழுந்ததும் அப்பாவுக்கு ஏன் தலைசுற்றுகிறது?

சீராக்குவது உண்மைதான்; ஆனால் உடனே அல்ல. அழுத்தம் குறைந்தால் மூளையின் நுண்தமனிகள் விரிந்து ஓட்டத்தைக் காக்கும். அதற்குச் சில விநாடிகள் பிடிக்கும். எழும்போதோ அரை லிட்டர் ரத்தமாவது கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடுகிறது. கழுத்துத் தமனியிலுள்ள அழுத்த உணரிகள் இதயத்தை உடனே முடுக்கிவிட வேண்டும். எழுபது வயதில் அவை மந்தமாகிவிடும்.

போன மாதம் தொடங்கியதாக நீங்கள் எழுதிய ரத்த அழுத்த மாத்திரையைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன்.

ஐந்து நிமிடம் படுக்கவைத்து அழுத்தம் பாருங்கள். எழுந்து நின்ற 1, 3ஆம் நிமிடங்களில் மீண்டும் பாருங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். அழுத்தம் பார்க்கும்போது அப்பா விழுந்துவிடாமல் பக்கத்திலேயே நில்லுங்கள்.

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மயங்கி விழுந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108ஐ அழையுங்கள்.