ஆஸ்திரேலியா டெஸ்ட் தொடருக்கு வரும்போது இந்தியா எத்தனை ஸ்பின்னர்களுடன் ஆட வேண்டும்? பிட்சை எப்படிப் போட வேண்டும்?

2024-ல் நியூஸிலாந்திடம் 3-0, 2025-ல் தென்னாப்பிரிக்காவிடம் 2-0 என்று சொந்த மண்ணிலேயே தோற்றாகிவிட்டது. அடுத்து ஆஸ்திரேலியா 5 டெஸ்ட் ஆட வரப்போகிறது. அதனால்தான் இந்தக் கேள்வி இப்போது எல்லோரிடமும் இருக்கிறது.

என் பதில்: மூன்று ஸ்பின்னர், இரண்டு வேகப்பந்து வீச்சாளர். நாலாவது ஸ்பின்னருக்கு இடமே இல்லை. பிட்ச் முதல் இரண்டு நாள் பேட்டிங்குக்கு ஒத்துழைத்து, மூன்றாம் நாளில் இருந்து திரும்ப வேண்டும்.

பிட்சில் இருந்தே தொடங்குகிறேன், 11 பேரையும் கடைசியில் அதுதான் முடிவு செய்கிறது. முதல் நாள் காலையிலேயே புழுதி கிளம்பும் பிட்சில் ஒரு பந்து திரும்பும், அதே இடத்தில் விழுந்த அடுத்த பந்து நேராகப் போகும். எது திரும்பும், எது போகும் என்று வீசுபவருக்கே தெரியாது. பந்தைக் காற்றில் மிதக்கவிட்டு ஏமாற்றுவது, கடைசி நேரத்தில் சட்டென்று இறங்க வைப்பது, வேகத்தை மாற்றுவது என்று ஒரு ஸ்பின்னர் பத்து வருஷம் பாடுபட்டுக் கற்ற வித்தை எதுவும் அங்கே தேவைப்படாது. ஒரே இடத்தில் வேகமாகப் போட்டுக்கொண்டே இருந்தால் போதும். அதைச் சுமாரான ஸ்பின்னரும் செய்துவிடுவார். நம் ஸ்பின்னர்களுக்கும் எதிரணி ஸ்பின்னர்களுக்கும் உள்ள தர வித்தியாசத்தை நாமே அழித்துவிடுகிறோம்.

இதற்குச் சாட்சி வேண்டிய அளவு இருக்கிறது. 2017 புனேயில் ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் ஓகீஃப் இரண்டு இன்னிங்ஸிலும் 35 ரன்னுக்கு 6 விக்கெட். இந்தியா 105, 107. 2023 இந்தூரில் தன் இரண்டாவது டெஸ்ட்டில் ஆடிய ஆஸ்திரேலியாவின் மேத்யூ குனமன் 16 ரன்னுக்கு 5 விக்கெட். இந்தியா 109. 2024 புனேயில் நியூஸிலாந்தின் மிட்செல் சான்ட்னர் 13 விக்கெட். அதற்கு முன் டெஸ்ட்டில் ஒரு இன்னிங்ஸில் 5 விக்கெட்கூட எடுத்ததில்லை அவர். 2025 கொல்கத்தாவில் தென்னாப்பிரிக்காவின் சைமன் ஹார்மர் 8 விக்கெட், 124 ரன் இலக்கைத் துரத்திய இந்தியா 93. நான்கு ஆட்டம், நான்கு வெவ்வேறு பந்துவீச்சாளர், ஒரே கதை.

எதிர்ப்பக்கம் பாருங்கள். 2024 தொடக்கத்தில் ஐதராபாத்தில் இங்கிலாந்திடம் தோற்ற பிறகும் இந்தியா பதற்றப்பட்டுக் புழுதிப் பிட்ச் போடவில்லை. விசாகப்பட்டினத்தில் ஜெய்ஸ்வால் 209 எடுக்கும் அளவுக்கு நல்ல பிட்ச். அதே பிட்சில் பும்ரா 45 ரன்னுக்கு 6 விக்கெட். பழைய பந்து ரிவர்ஸ் ஸ்விங் ஆகி, அதாவது காற்றில் வழக்கத்துக்கு எதிர்த் திசையில் வளைந்து உள்ளே வந்து, ஒலி போப்பின் மட்டைக்கு அடியில் யார்க்கராக நுழைந்து ஸ்டம்புகளைப் பிடுங்கி எறிந்ததே, அந்தப் பந்துக்கு விரிசல் விட்ட பிட்ச் தேவைப்படவில்லை. காய்ந்த மைதானமும் ஒரு பக்கம் தேய்ந்த எஸ்ஜி பந்தும் (இந்தியாவில் டெஸ்ட் ஆடும் பந்து) போதும். அந்தத் தொடரை இந்தியா 4-1 என்று வென்றது.

அடுத்து மண். செம்மண் பிட்சில் பந்து எழும்பும். வேகப்பந்துக்கும் உதவும், காய்ந்தால் பொடியாகி வேகமாகத் திரும்பும். கரிசல் மண்ணில் களிமண் அதிகம். பந்து தாழ்ந்து மெதுவாக வரும், வெடிப்பு விடும், எல்பிடபிள்யூவும் போல்டும் அதிகம். 2024 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் வங்கதேசத்துக்கு எதிராகச் செம்மண் பிட்ச். இந்தியா பும்ரா, சிராஜ், ஆகாஷ் தீப் என்று மூன்று வேகத்துடன் இறங்கியது. ஸ்பின்னுக்கு அஸ்வினும் ஜடேஜாவும் மட்டும். 280 ரன்னில் வெற்றி. ஆகவே "மூன்று ஸ்பின்னர்" என்பதும் மண்ணைப் பார்த்து மாறக்கூடியதே. சேப்பாக்கத்தில் இரண்டு வகைப் பிட்சும் உண்டு. எந்தப் பிட்சில் ஆட்டம் என்று தெரியாமல் அங்கே அணியைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

வானிலையும் அப்படியே. 2024 பெங்களூருவில் நியூஸிலாந்துக்கு எதிராக ஆடியபோது மழை, மேகமூட்டம், மூடிக்கிடந்த பிட்ச். இந்தியா மூன்று ஸ்பின்னர்களை எடுத்ததோடு டாஸ் வென்று பேட்டிங்கும் செய்தது. மேட் ஹென்றி 5, ஓரூர்க் 4 விக்கெட், இந்தியா 46-க்கு ஆல் அவுட். "இந்தியாவில் டாஸ் வென்றால் பேட்டிங்" என்பது வெயில் அடிக்கும் நாளுக்குச் சொன்னது. முந்தைய நாள் மனதில் எழுதிய 11 பேரை மறுநாள் காலை பிட்சைத் தொட்டுப் பார்த்து மாற்றத் தயங்கக் கூடாது. பெயர்ப் பட்டியலை டாஸின்போதுதான் கொடுக்கிறார்கள். அதுவரை நேரம் இருக்கிறது.

நாலாவது ஸ்பின்னர் ஏன் வேண்டாம்? ஒரு நாளைக்கு 90 ஓவர். பும்ராவும் சிராஜும் ஆளுக்கு 15 ஓவர் போட்டால் மீதி 60. மூன்று ஸ்பின்னருக்கு ஆளுக்கு 20. ஒரு ஸ்பின்னர் ஒரு முனையில் நின்று பேட்ஸ்மேனைப் பொறியில் சிக்க வைக்க அவ்வளவு ஓவர் வேண்டும். நாலு பேர் என்றால் ஆளுக்கு 15 என்று கணக்கில் வரும். களத்தில் அப்படி நடப்பதில்லை. கேப்டன் நம்பும் மூன்று பேர் வீசுவார்கள், நாலாமவர் ஃபீல்டிங் செய்வார். கொல்கத்தாவில் ஜடேஜா, அக்‌ஷர், குல்தீப், வாஷிங்டன் நாலு பேரும் இருந்தார்கள். வாஷிங்டனுக்குப் பந்தே சரியாகக் கிடைக்கவில்லை. அவருக்காக 3-ஆம் இடத்தில் ஆடும் முழு பேட்ஸ்மேன் ஒருவரை வெளியே உட்கார வைத்தார்கள். வாஷிங்டன் அங்கே இறங்கி நன்றாகவே போராடினார், இரண்டாம் இன்னிங்ஸில் அவருடைய 31-தான் அணியின் அதிகபட்சம். ஆனாலும் அந்த ஏற்பாடு தவறு.

அதே ஆட்டத்தில் இன்னொரு பிழையும் இருந்தது. ஜெய்ஸ்வால், வாஷிங்டன், பண்ட், ஜடேஜா, அக்‌ஷர், குல்தீப் என்று ஆறு இடது கை பேட்ஸ்மேன்கள். எதிரணியின் முக்கிய ஸ்பின்னர் ஹார்மர் ஒரு ஆஃப் ஸ்பின்னர். இடது கைக்காரருக்கு அவருடைய பந்து வெளியே திரும்பி மட்டை விளிம்பைத் தேடும். திரும்பாத பந்து காலில் படும். ஆஸ்திரேலியாவிடம் நேதன் லயன், டாட் மர்ஃபி என்று அதே ரகத்தில் ஆட்கள் இருக்கிறார்கள். முதல் ஏழு பேரில் இடது கை மூன்றுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது, இடது-வலது ஜோடி களத்தில் நிற்கும்படி வரிசையை மாற்றுவது இரண்டும் அவசியம். எல்லாப் பந்துக்கும் ஃபீல்டும் கோணமும் மாறிக்கொண்டிருந்தால் லயன் போன்றவர்கூடத் தாளம் இழப்பார்.

நம் பக்கத்திலும் இந்தப் பொருத்தம் பார்த்தே தேர்வு நடக்க வேண்டும். 2024 புனேயில் நியூஸிலாந்தின் இடது கைக்காரர்களை மனதில் வைத்து வாஷிங்டனைக் கொண்டுவந்தார்கள். முதல் இன்னிங்ஸில் 59 ரன்னுக்கு 7. மீதி மூன்றும் அஸ்வினுக்கு. பத்து விக்கெட்டும் இரண்டு தமிழ்நாட்டு ஆஃப் ஸ்பின்னர்களிடமே விழுந்தன. ஆஸ்திரேலியாவின் டிராவிஸ் ஹெட், அலெக்ஸ் கேரி இருவரும் இடது கை என்பதால் வாஷிங்டன் இந்தத் தொடரிலும் வேண்டும்.

ஆகவே என் வடிவம்: ஐந்து முழு பேட்ஸ்மேன்கள், பண்ட், ஜடேஜா, வாஷிங்டன், குல்தீப், பும்ரா, சிராஜ். அக்‌ஷரை விடுவதில் மனம் வலிக்கும். 2023 ஆஸ்திரேலியத் தொடரில் அவர் அடித்த 84, 74, 79 மூன்றும் அணியைக் காப்பாற்றிய, தூக்கி நிறுத்திய ரன்கள். டெல்லியில் 139-க்கு 7 என்ற நிலையில் அஸ்வினோடு சேர்ந்து 114 ரன் சேர்த்ததை மறக்க முடியாது. ஆனால் அதே தொடரில் அவர் எடுத்தது 3 விக்கெட்தான். அஸ்வின் 25, ஜடேஜா 22. அன்று அந்த இருவர் விக்கெட் எடுத்ததால் அக்‌ஷரை பேட்டிங்குக்காக வைத்துக்கொள்ள முடிந்தது. இன்று அஸ்வின் ஓய்வு பெற்றுவிட்டார். 20 விக்கெட் எடுக்க ஆள் வேண்டும். தட்டையான பிட்சிலும் இரண்டு பக்கமும் திருப்பும் குல்தீப்பைப் பெஞ்சில் உட்கார வைக்கக் கட்டாது. ஜடேஜாவுக்குக் காயம் என்றால் அக்‌ஷர் நேராக உள்ளே வர வேண்டும். ஒரே ஆள் போனால் பேட்டிங், பந்துவீச்சு இரண்டிலும் ஓட்டை விழுகிற இடம் அது.

பும்ராவை ஐந்து டெஸ்ட்டிலும் எதிர்பார்க்கக் கூடாது. 2025 இங்கிலாந்துத் தொடரிலேயே ஐந்தில் மூன்றுதான் ஆடினார். செம்மண் பிட்ச் எங்கே என்று முன்னமே பார்த்து, அந்த ஆட்டங்களுக்கு அவரை ஒதுக்கிவைப்பது நல்லது.

ஆஸ்திரேலியா 2023-ல் வந்த அதே அணி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அன்று நாக்பூரில் ஹெட்டை வெளியே வைத்தார்கள். டெல்லியில் மூன்றாம் நாள் காலை 61-க்கு 1 என்று தொடங்கி 113-க்குச் சுருண்டார்கள். ஜடேஜா 42 ரன்னுக்கு 7. அதில் ஐந்து போல்டு. பந்து தாழ்ந்து வரும் பிட்சில், ஸ்டம்பை நோக்கி வேகமாக வரும் பந்துக்கு ஒருவர் பின் ஒருவராக ஸ்வீப் (மண்டியிட்டு மட்டையைக் கிடையாகச் சுழற்றி அடிப்பது), ரிவர்ஸ் ஸ்வீப் ஆடினார்கள். தவறினால் ஸ்டம்ப், அவ்வளவுதான். ஆனால் 2025 தொடக்கத்தில் காலியில் இலங்கையை எதிர்த்து ஸ்டார்க் ஒருவரை மட்டும் முழுநேர வேகப்பந்து வீச்சாளராக வைத்து, மூன்று ஸ்பின்னர்களுடன் இறங்கி 654 ரன் குவித்தார்கள். தொடர் 2-0. குனமன் இரண்டு டெஸ்ட்டில் 16 விக்கெட். அடுத்த ஆட்டத்தில் கேரி 156. எந்தப் பந்தை ஸ்வீப் செய்வது, எதை விடுவது என்று கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

கேரி ஸ்வீப் ஆடத் தொடங்கியதும் பந்தின் நீளத்தைக் குறைத்துவிடுவது (முன்னமே தரையில் விழச் செய்வது) பலர் செய்யும் தவறு. அவர் பின்காலுக்குப் போய் கட் அடிப்பார். நீளத்தை அப்படியே வைத்து, பந்து வரும் கோட்டை (லைன்) ஸ்டம்புக்கு நேராகக் கொண்டுவந்து, வேகத்தைக் கூட்ட வேண்டும். டீப் ஸ்கொயர் லெக்கில் ஒருவர், 45 டிகிரியில் ஒருவர். ஷார்ட் லெக்கை மட்டும் எடுக்கக் கூடாது.

பயிற்சியில் பழைய பந்து முக்கியம். வலையில் புதுப் பந்தை ஆடிவிட்டு ஆட்டத்தில் 40 ஓவர் பழைய எஸ்ஜி பந்தைச் சந்திப்பதில் அர்த்தமில்லை. பயன்படுத்தி மிதிபட்ட பிட்சில், பழைய பந்தில், காலை முன்னே நீட்டி மட்டையைக் காலுக்கு முன்னால் வைத்து ஆடப் பழக வேண்டும். சமீபத்திய தோல்விகளில் நம்மவர்கள் பின்னங்காலில் மாட்டியதும் கை முன்னே போய் விளிம்பு கொடுத்ததும் நிறைய.

ஸ்பின்னுக்கு ஸ்லிப், ஷார்ட் லெக், சில்லி பாயின்ட்டில் யார் நிற்கிறார் என்பதையும் தேர்வுக் கூட்டத்திலேயே பேச வேண்டும். அந்த மூன்று இடத்துக்கும் நிரந்தரமான ஆள் வேண்டும். 2024 ஐதராபாத்தில் போப் 110-ல் இருந்தபோது ஒரு கேட்ச் கைநழுவியது. அவர் 196 வரை போனார். இந்தியா தோற்றது 28 ரன்னில்.